சுருட்டை முடியும் கொழும்புக் கலியாணமும்

வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் ஒரு கடையில் போன வாரம் பல் அகன்ற சீப்புக் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, நாய்க்கு முடி வாரும் சீப்பைக் கொண்டுவந்து வைத்தார். கேலி செய்யவில்லை; என் தலையைப் பார்த்துவிட்டு உண்மையாகவே உதவ நினைத்தார். கோவில்பட்டியிலிருந்து கலியாணமாகி இங்கே வந்து பத்து வருடமாகிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி முதற்கொண்டு எல்லோரிடமும் என் சுருட்டை முடிக்கு ஒரு யோசனை இருக்கிறது. எல்லா யோசனையும் அதை நேராக்குவதிலேயே போய் முடியும்.

ஊரில் இருந்தவரை எனக்கும் ஒன்றும் தெரியாது. காய்ந்த முடியை நெருக்கமான சீப்பால் வறட் வறட்டென்று இழுப்போம், எண்ணெய் அப்பி அடக்குவோம், முடிந்தது கதை. கரிசல் காட்டு வெயிலில் அது அடங்கியும் கிடந்தது. இங்கே கடற்காற்றின் ஈரத்தில் உப்பிக்கொண்டது; இழுக்க இழுக்க அறுந்தது. என் முடியை அப்படியே உரித்து வைத்துப் பிறந்தவள் என் மகள் மித்ரா. ஆறு வயதில் அவளுக்குக் காதோரம் வழுக்கை விழத் தொடங்கியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதன் பிறகு காய்ந்த தலையில் சீப்பே வைப்பதில்லை. வாரம் இரண்டு நாள், செவ்வரத்தை, அதாவது எங்கள் ஊர்ச் செம்பருத்தி, இலையைக் கசக்கிய கொழகொழப்பைத் தடவி, ஈரத்திலேயே விரலால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் தளர்வாகத்தான் பின்னுவேன். தலையணைக்கு மேல் பழைய பட்டுப்புடவைத் துண்டு. மூன்று வருடம் பாடுபட்டு மீட்ட முடி அது. சுருள் சுருளாகத் தோளில் விழும்போது என் கண்ணே பட்டுவிடும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், தன் மகளின் கலியாணத்தில் பூத்தட்டு ஏந்த ஐந்து சிறுமிகளைத் தேர்ந்தெடுத்தார். மித்ராவும் ஒருத்தி. ஆல்பத்தில் ஐந்து பேரும் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமாம். “இவளின்ர தலையை மட்டும் ஸ்ட்ரெயிட் பண்ணினா சரி, என்ன?” என்றார். நான் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்தேன். எங்கள் ஊரில் நாத்தனார் கேட்டதற்கு வாயைத் திறக்காமல் இருந்தால் விருப்பமில்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை. மச்சாள் வீட்டிலோ, வேண்டாம் என்று சொல்லாததெல்லாம் சம்மதம். பத்து வருடமாகியும் இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை மச்சாள், மித்ரா, நான் மூவரும் சலூனுக்குப் போனோம். தலையில் பூ வைத்துப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர்களை அங்கே விட்டுவிட்டுத் தையல்கடைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மித்ராவின் வலப்பக்க முடி கம்பியாக நீண்டு தொங்கியது. மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. சலூன்காரப் பெண், “லஸ்ஸனய் நே?” என்று, அழகாயிருக்கிறதல்லவா என்ற பூரிப்போடு கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். என் சிங்களம் மரக்கறி வாங்குவதோடு சரி. வேண்டாம் என்பதற்கு “எப்பா, எப்பா” என்றேன். கண்ணாடிதான் வேண்டாமாக்கும் என்று அதை வைத்துவிட்டு, இடப்பக்கத்துக்குக் கலவைக் கிண்ணத்தை எடுத்தார். நான் போய்க் கையைப் பிடித்த பிறகே நிறுத்தினார்.

மச்சாளின் முகம் சுண்டிப்போனது. “உமக்கு விருப்பமில்லையெண்டா அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே. நான் கேட்டனான்தானே” என்றார். கேட்டார்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது; என்னைத் தவிரக் கோபித்துக்கொள்ள ஆளில்லை.

கலியாணத்தன்று இன்னொரு கூத்து. ஐந்து சிறுமிகளின் முடியையும் வழித்துச் சீவி, கொண்டை போட்டு, மல்லிகைச் சரத்தால் மூடிவிட்டார்கள். யாருடைய முடி எப்படி என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

நேராக்கிய பக்கத்தை வெட்டிவிடலாம் என்று இரண்டு முறை கத்தரிக்கோலை எடுத்தேன். மித்ரா விடவில்லை, காரணமும் சொல்லவில்லை. நேற்றுத்தான் புரிந்தது. காலையில் கொட்டாஞ்சேனைக்குப் புறப்படும்போது, நேரான முடியை முன்னால் இழுத்துவிட்டு, சுருட்டையைப் பின்னால் தள்ளிக் கிளிப் போட்டாள். அங்கே அவளுடைய மாமி, என் மச்சாள்தான், கன்னத்தைத் தடவி, வடிவாயிருக்கு என்று மெச்சினார். மாலையில் கோவில்பட்டியிலிருந்து என் தங்கை வீடியோவில் அழைத்தாள். மித்ரா அவசரமாகக் கிளிப்பைக் கழற்றி மாற்றிப் போட்டாள். சுருட்டைப் பக்கம் மட்டும் தெரியும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசி முடியும்வரை அசையவே இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கழுத்துச் சுளுக்கா என்று தங்கை கேட்டாள்.

“ஒண்ணுமில்ல சித்தி” என்றாள், தலையைத் திருப்பாமலே.