மூளையைப் படம் எடுக்கிறவன் புலம்பல்

அடுத்தவர் மூளையைப் படம் எடுக்கிற தொழிலில் முதலில் தேய்வது நம் மூளைதான்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற இரண்டு மாத்திரைகள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வகை. எது மூளையில் என்ன செய்கிறது என்று பார்க்க, மாத்திரை தொடங்குமுன் ஒரு ஸ்கேன், எட்டு வாரம் கழித்து ஒரு ஸ்கேன். வேங்கிக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் இந்த ஆராய்ச்சிக்கு நான் டெக்னீஷியன். நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தலையாட்டல்

மெஷினுக்குள் தலை அசைந்தால் படம் கலங்கிவிடும். செங்கம் ரோட்டில் ரூம் வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு மூன்று முறை கலங்கியது. "தலையை ஆட்டாதீங்க சார்" என்று நடுநடுவே மைக்கில் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். நான்காவது முறை கண்ணாடி வழியாகக் கவனித்தேன். நான் சொல்லச் சொல்ல, தலை இடமும் வலமுமாக அசைந்தது. வெளியே இழுத்துக் கேட்டேன்.

"ஆட்ட மாட்டேன்னுதாங்க தலையாட்டினேன். நீங்க அவ்ளோ தூரம் சொல்றீங்க, பதில் சொல்லலைன்னா மரியாதையா இருக்குமா?"

டப்பா மாறியது

யாருக்கு எந்த மாத்திரை என்று எனக்கே தெரியாது, டப்பாவில் நம்பர் மட்டும்தான். அடி அண்ணாமலையிலிருந்து பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். எட்டாவது வாரம் டப்பாவை வாங்கிப் பார்த்தால் இவள் நம்பர் அவளிடம், அவள் நம்பர் இவளிடம். ஒருத்திக்கு நாக்கு வறண்டதாம், இன்னொருத்திக்குத் தூக்கம் கம்மியாம். மூன்றாவது வாரமே மாற்றிக்கொண்டார்களாம். இரண்டு பேரின் ஸ்கேனும் வீண். "டாக்டரைக் கேக்காம எப்படிம்மா மாத்தலாம்?" என்று கத்தியேவிட்டேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி மாத்திரைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

ஒன்றுமில்லாத படம்

மனச்சோர்வில் மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாத ஒரு பெண்ணைக் கணவர் அழைத்து வந்தார். முதல் ஸ்கேன் முடிந்ததும், "கட்டி ஏதாச்சும்?" என்றார். இல்லை என்றேன். "பாத்தியா? உனக்கு ஒண்ணுமில்ல. மாத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், கிளம்பு."

இது ஆராய்ச்சிக்கான படம், உங்கள் மனைவியின் நோய் இதில் தெரியாது, ஆனாலும் நோய் நோய்தான் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். நேராக டாக்டர் அறைக்குப் போய், மாத்திரை டப்பாவோடு திரும்பி வந்து கணவர் முன்னால் நின்றார்.

"உங்க முதுகுவலிக்கு எடுத்த எக்ஸ்ரேலயும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. நாலு மாசம் தைலம் தேய்ச்சு விட்டது யாரு?"

அந்த மெஷின் எவ்வளவு இரைச்சல் போட்டாலும் பொறுத்துக்கொள்கிறேன், இந்த சென்டரில் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்காதது அது ஒன்றுதான்.