ஓல்டனில் மாறவும்

கூட்டம் நடத்துவதும் ஒரு தொழில் என்று சொன்னால் எங்கள் சனம் நம்பாது. ஒரு கலியாண வீட்டைக்கூட ஒப்பேற்றத் தெரியாத ஆள் உண்டா என்று கேட்பார்கள். கலியாண வீட்டில் கடைசியில் தாலியாவது ஏறும். எங்கள் கூட்டங்களில் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பதோடு சரி. கதிரை அடுக்கி, பெயரட்டை குத்தி, கோப்பி ஆறாமல் காவல் காத்து இதே பாவத்தைச் செய்துவரும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சுவிஸ் நாட்டுப் பீல் நகரில் பிறந்தவள், பெயர் தர்ஷினி. கூட்டங்கள் நடத்திக் கொடுக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தின் தலைவி ஃப்ராவ் வெங்கர், தமிழில் திருமதி வெங்கர். மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஊரில் வளர்ந்தவர் என்பது அவரைப் பார்த்தாலே தெரியும். சென்ற ஆண்டு எங்களிடம் வந்தது 'அரபு நாடுகளில் ஒருங்கிணைந்த நிலைபேறான அபிவிருத்திக்கான பிராந்திய ஒத்துழைப்பு' என்ற கூட்டம். தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாலே பாதி அபிவிருத்தி வந்துவிடும்.

உள்ளே இருந்த விஷயம் சின்னது. புழுதி. ஒரு நாட்டில் எழும்பும் புழுதிப் புயல் பக்கத்து நாட்டு எல்லையூரில் போய் விழுகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் டாக்டர் ஹனான். புழுதி வந்தால் மூச்சிழுக்கும் பிள்ளைகளைக் கிடத்த அவருக்குக் கட்டில் போதாது. கொஞ்சம் முந்தியே ஒரு சொல் வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவர் அந்தப் பக்கத்து வானிலை அதிகாரி சலீம். ஆனால் இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எந்த நாடுகள் என்று கேட்காதீர்கள், எனக்கு விசா தேவைப்படும் நாள் வரலாம். இந்த முறை உடன்பாடு வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று காசு கொடுப்பவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் என்னோடு கதைத்தது ஆங்கிலம், ஃப்ராவ் வெங்கர் ஜெர்மன். என் காதுக்குள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே தருகிறேன்.

கதவடி நெரிசல்

முதல் நாள் காலை, மண்டப வாசலில் எல்லோரும் நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லை. சலீம் கையை நீட்டி ஹனானைப் பார்த்து "தஃபத்தல்" என்றார். 'நீங்கள் முதலில் போங்கள்' என்று அர்த்தம். ஹனான் மூன்றாவது நாட்டிலிருந்து வந்த நீர்ப்பாசன இஞ்சினியர் அபு நபீலைப் பார்த்து அதையே சொன்னார். வயதில் மூத்த அபு நபீல் அதைப் பத்திரமாகச் சலீமிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லையில் ஓரடி விட்டுக்கொடுக்காத நாடுகள், கதவை மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றன.

எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் பந்தியில் உட்கார ஆள் பிடிப்பதும் இதே பாடுதான் என்பதால் நான் தலையிடவில்லை. ஃப்ராவ் வெங்கர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்து காதோடு சொன்னார்: "தர்ஷினி, உள்ள போறதுக்கும் ஒரு உபகுழு போட வேணுமோ?"

நிலைபேறான சாப்பாடு

நிலைபேறான அபிவிருத்தி பற்றிய கூட்டத்துக்குச் சாப்பாடும் நிலைபேறானதாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த மரக்கறி மட்டும். தை மாதத்தில் பக்கத்துத் தோட்டங்களில் என்ன இருக்கும் என்பதை யோசிக்க மறந்துபோனேன். அவித்த கரட், வாட்டிய கரட், கரட் சூப். மனச்சாட்சிக்கு நல்லது, நாக்குக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் நாளும் கரட்டைக் கண்ட அபு நபீல் தட்டைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை. "மகள், ஒத்துழைக்கத்தான் வந்தனாங்கள். ஆனா கரட்டோட எண்டு ஒருத்தரும் முதல்ல சொல்லேல்லையே."

பாப்பம்

மூன்றாம் நாள் முழுவதையும் ஒரே வசனம் தின்றது. புழுதி எழும்பினால் அயல்நாட்டுக்கு 'அறிவிப்போம்' என்று எழுதவேண்டும் என்றார் ஹனான். 'அறிவிப்பது பற்றிப் பரிசீலிப்போம்' என்று எழுதலாம் என்றது சலீமின் தலைநகரம். பாவம், சலீம் அந்த வசனத்தை வாசிக்கும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஹனான் நேராகவே கேட்டார். சலீம் நெஞ்சில் கைவைத்து, "நல்ல யோசனை. மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

ஃப்ராவ் வெங்கர் முகம் மலர்ந்து "ஒத்துக்கொண்டிட்டார்!" என்று என் கையைப் பிடித்தார். எங்கள் ஆட்களிடம் ஆமாம் போலக் கேட்கும் இந்த 'ஓம்' எத்தனை வாங்கியிருக்கிறேன். "அது ஓம் இல்லை. அதுக்கு எங்கட பாஷையில 'பாப்பம்' எண்டு பேர்" என்று நான் விளக்க, அவர் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார். பின்னேரம் மேலிடத்துப் பதில் வந்தது. பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். திட்டம் மூடப்பட்டது. ஹனான் மேசையில் தன் பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. யாரையும் பார்க்காமல் ஒன்று மட்டும் சொன்னார்: "காத்து மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு வாறேல்லை."

ரயிலுக்கு மரியாதை தெரியாது

திரும்பும் நாள் பாதையில் வேலை நடந்ததால் விமான நிலையத்துக்கு நேரடி ரயில் இல்லை, ஓல்டனில் மாறவேண்டும். யாரும் தொலைந்துபோகாமலிருக்க வாட்ஸ்அப்பில் எல்லோரையும் சேர்த்து 'ஓல்டனில் மாறவும்' என்று ஒரு குழு தொடங்கினேன். ஓல்டனில் எல்லோரும் ஒழுங்காகவே இறங்கினார்கள். அடுத்த ரயிலில் எல்லோரும் ஏறினார்கள், கடைசி இரண்டு பேரைத் தவிர. சலீம் கதவைக் காட்டி "தஃபத்தல்" என்றார். ஹனானும் கதவைக் காட்டினார். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு இதிலாவது தோற்கக்கூடாது என்று நினைத்தாரோ தெரியாது. "ரெண்டு பேரும் ஏறுங்கோ!" என்று பின்னால் நின்ற நான் கத்தி முடிய முந்தியே கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அபு நபீல் கையசைத்தபடி போனார்.

ஃப்ராவ் வெங்கர் போட்ட நேரக் கணக்கில் இப்படி ஒரு ரயிலைத் தவறவிடவும் இடம் இருந்தது. மூவரும் நடைமேடை வாங்கில் குளிரில் உட்கார்ந்தோம். ஹனான் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு வகுப்பறை. நேரம் மத்தியானம், ஆனாலும் லைட் எல்லாம் எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே செம்மஞ்சளைத் தவிர ஒன்றும் இல்லை. முன்வாங்கில் ஒரு சிறுமி சால்வைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் அவள் தன்னிடம் வந்தாள் என்று ஹனான் சொன்னார். பிழைத்தாளா என்று நாங்கள் கேட்கவில்லை. சலீம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "எங்கட வீட்டு மேல்மாடி ஜன்னலால பாலைவனம் தெரியும், டாக்டர். இது எழும்பேக்கையே நான் காணுறனான்."

குழுவை அழிக்கப் போன நாள்

பனி கரைந்து வெயில் வந்த பிறகு ஒருநாள், பஸ்ஸில் போகும்போது பழைய குழுக்களைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். 'ஓல்டனில் மாறவும்' என்பதை அழிக்க விரலை வைத்த நேரம் அதில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சலீம். "ஜன்னலுக்கு வெளியில மஞ்சள். பிள்ளையளை உள்ளுக்கு எடுங்கோ." கொஞ்ச நேரத்தில் ஹனான்: "பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. எல்லாரும் வீட்டில." அதற்குக் கீழே அபு நபீல்: "இஞ்சையும் காத்து மாறுது. கரட் மட்டும் வராட்டில் போதும்." பஸ்ஸிலேயே அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகும் செய்திகள் வந்தபடியே இருந்தன. சலீமுக்கு இதனால் ஏதும் வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயந்து தனியாகக் கேட்டேன். உடனே பதில் போட்டார்: "நான் அதிகாரியாச் சொல்லேல்லை, தங்கச்சி. ஜன்னலால தெரியிறதைச் சொல்லுறன்."

மனம் கேளாமல் ஃப்ராவ் வெங்கரிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வாசித்தார். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். தலைவர்? இல்லை. நிகழ்ச்சி நிரல்? ஓல்டனில் எந்த நடைமேடையில் நிற்பது என்ற என் பழைய செய்தி மட்டும்தான். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் போட்ட அந்த மனுஷி கண்ணாடியைக் கழற்றி, தொலைபேசியை மெதுவாக என் கையில் வைத்தார். "தொடாதை, தர்ஷினி. நாங்கள் பொறுப்பெடுத்தா நிண்டிடும்."

ஆகவே, சகோதர சகோதரிகளே, ஒருங்கிணைந்த நிலைபேறான பிராந்திய ஒத்துழைப்பு என்பது வேறொன்றுமில்லை, ரயிலைத் தவறவிட்ட இரண்டு மரியாதைக்காரர்களும் நான் அழிக்காமல் விட்ட ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான்.