ஒன்பது முறை பார்த்ததாக ஒரு பில்

தெருவில் எல்லோரும் டூட்டியம்மா என்று கூப்பிடுவதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. எங்கே கிளம்பிட்டீங்க என்று யார் கேட்டாலும் முப்பத்தொரு வருஷமாக ஒரே பதில்தான் சொல்லி வந்தாள்: "டூட்டிக்கு." ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி. பிறகு ஆஸ்பத்திரி அனுப்பும் வீடுகளுக்குப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது, அதற்குச் சன்மானமாகத் திட்டு வாங்குவது. புருஷன் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு ஏழு வயது. அவனைப் படிக்க வைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, முதல் மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டையும் தன் பேரில் வாங்கினாள். தவணை கட்டி முடிக்கப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

அந்த வீட்டின் பத்திரம்தான் இப்போது புரோக்கரிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டை விற்கலாம் என்று சொன்னது பையன். "உனக்கு முட்டி வலி. மாடி ஏறி இறங்கி என்னத்துக்கும்மா கஷ்டப்படறே? எங்களோட வந்து இரு" என்றான். இவளும் சரியென்று புரோக்கரிடம் போனாள். கதவில் சொத்து ஆலோசகர் என்று எழுதியிருந்தது. ஊர் புரோக்கர் என்றுதான் சொல்லும். நாற்பது வயதுக்காரன், இஸ்திரி கலையாத சட்டை. "நீங்க எனக்கு அம்மா மாதிரி" என்று ஆரம்பித்தான். வக்கீல் சரிபார்க்க வேண்டும் என்று அசல் பத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அளவுக்கு அவளுக்குச் சூட்சுமம் உண்டு.

விற்பதற்குள் புது இடத்தில் இருந்து பார்த்துவிடலாம் என்று, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனாள். தங்கியது நாலே நாள். அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்று அவளுக்கு. இன்னொன்றின் மேல் ரப்பர் விரிப்பு, கீழே பிரிக்காத கவரில் புத்தம் புது மலச்சட்டி. மருமகளின் அம்மாவுக்குப் பக்கவாதம், அடுத்த மாதம் அங்கே கொண்டுவரப் போகிறார்கள் என்பது மூன்றாம் நாள் பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது.

"நீங்க கூட இருந்தா எங்களுக்குக் கவலையே இல்ல அத்தை" என்றாள் மருமகள்.

டூட்டியம்மா மகனைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆள் வேணும்னா ஆள் வேணும்னு கேளு. சம்பளம் சொல்றேன். அம்மான்னு கூப்பிட்டு வேலைக்கு வைக்காதே."

"எல்லாத்தையும் தப்பாவே எடுத்துக்கோ" என்றான் அவன்.

நாலாம் நாள் மாலை பஸ் பிடித்து வீடு வந்தாள். மறுநாள் காலையில் புரோக்கருக்குப் போன் போட்டு, வீடு விற்பதாக இல்லை, பத்திரத்தைக் கொடு என்றாள். "அதுக்கென்னம்மா, உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று தேனாகப் பேசினான். ஒரு வாரம் கழித்துத் தபாலில் பில் வந்தது. விற்பனையிலிருந்து விலகியதற்கான கட்டணம். ஒன்பது முறை ஆட்களை அழைத்து வந்து வீட்டைக் காட்டியிருக்கிறானாம். ஒரு தடவைக்கு அவளுடைய பத்து நாள் பென்ஷன். ஆக மூன்று மாதப் பென்ஷன். கட்டிய பிறகே பத்திரம் திரும்பத் தரப்படும் என்று கடைசி வரி.

அன்றைக்கே அவன் ஆபீசுக்குப் போனாள்.

"ஏம்ப்பா, வீடு வித்தாத்தானே உனக்குக் கமிஷன்? விக்காத வீட்டுக்கு என்ன பில்லு?"

இந்த முறை அவன் எழுந்திருக்கவில்லை. "வித்திருந்தா இதெல்லாம் தள்ளுபடி. நீங்கதான் பாதியில கழண்டுக்கிட்டீங்களே. என் ஆபீஸ் பையன் பெட்ரோல் போட்டு வரல? நான் வேலையை விட்டுட்டு வரல?"

"அப்படின்னு யார் சொன்னா எனக்கு?"

"நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க." ஒரு ஃபைலை எடுத்து மேசைமேல் பரப்பினான். ஒன்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் தேதி, வந்தவர் பெயர், கீழே அவளுடைய கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே கடுகு கடுகாக இரண்டு வரி: விற்பனையிலிருந்து விலகினால் இந்தப் பார்வைக்கான கட்டணத்தைச் செலுத்தச் சம்மதிக்கிறேன்.

டூட்டியம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. படிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம், வந்தால் ஒரு கையெழுத்து, போனால் ஒரு கையெழுத்து, மருந்து கொடுத்தால் ஒரு கையெழுத்து என்று பழகிய கை. டூட்டியில் கையெழுத்து என்றால் இன்ன வேலை நடந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதைப் போட்டதற்காக யாரும் அவளிடம் காசு கேட்டதில்லை. புரோக்கர் ஆள் கூட்டி வந்து சீட்டை நீட்டியபோது, வந்து போனதற்கு அத்தாட்சி என்று நினைத்து அவளே பேனாவைப் பிடுங்காத குறையாகப் போட்டாள். ஒழுங்கான ஆள், எல்லாத்துக்கும் சீட்டு வெச்சிருக்கான் என்று மனதுக்குள் அவனை மெச்சியது வேறு.

"படிக்காமலா கையெழுத்துப் போடுவாங்க?" என்றான் அவன். ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு இதோட நகல் வேணும்."

"தாராளமா. ஒண்ணுக்கு ரெண்டு செட்டா எடுத்துட்டுப் போங்க. கோர்ட்டுக்குப் போனாலும் இதுதான்."

வீட்டுக்கு வந்தவள் அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினாள். ஐந்து தடவை அவன் வந்தது ஞாபகம் இருந்தது. இரண்டு பேர் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தவர்கள். ஒரு குடும்பம் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் போனது. ஒரு தாடிக்காரர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஐந்தாவது, வயதான தம்பதி. ஒன்பது என்பது மட்டும் எத்தனை விரல் விட்டு எண்ணியும் வரவில்லை.

பிறகுதான் கண்ணில் பட்டது. ஐந்து சீட்டில் அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் மணி எழுதியிருந்தது. பத்தே கால், நாலு இருபது, அப்படி. மீதி நாலில் வெறும் கையெழுத்து.

பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் மருந்துச் சீட்டில் நேரம் போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டாள். அடுத்த டூட்டிக்காரி மருந்து கொடுக்கவில்லை என்று நினைத்து இன்னொரு மாத்திரையைக் கொடுக்கப் போனாள். தலைமை நர்ஸ் எல்லார் முன்னிலையிலும் இவளை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து பால் கணக்கானாலும் கல்யாணப் பதிவானாலும், கையெழுத்துப் போட்டால் பக்கத்தில் மணி. அவள் நினைத்தாலும் கை விடாது.

நாலு சீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். நாலு கையெழுத்தும் மயிரிழை விலகாமல் பொருந்தின. கடைசி எழுத்தில் பேனா எழுதாமல் போய், அவள் திரும்பக் கிறுக்கிய கோடு நாலிலும் அதே இடத்தில். அந்தக் கிறுக்கல் மணி போட்ட முதல் சீட்டில் உண்டானது. அதிலிருந்து எடுத்து ஒட்டி நகல் போட்டிருக்கிறான். ஒரே மணி நாலு தடவை வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மணியை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறான், கெட்டிக்காரன். நாலில் ஒன்றின் தேதியைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மறுநாள் ஐந்து தடவைக்கான பணத்தை எண்ணி ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். போட்ட கையெழுத்தை இல்லை என்று சாதிக்க அவளுக்கு வராது. ஆனால் போடாததற்கு ஒரு காசு கிடையாது.

ஆபீசில் புரோக்கருக்கு எதிரே அவள் மகன் உட்கார்ந்திருந்தான். மேசைமேல் பத்திரக் கவர்.

"வாங்கம்மா" என்றான் புரோக்கர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. "உங்களை எதுக்கு அலைய விடணும்னு சார்கிட்டயே பேசிட்டேன். படிவத்துல அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்னு சார் நம்பர்தானே குடுத்திருந்தீங்க. முழுசும் கட்டறேன்னுட்டார். பத்திரத்தைச் சார் கையிலயே குடுத்துடறேன்."

அந்தக் கட்டத்தையும் அவள்தான் நிரப்பினாள். எந்தப் படிவத்திலும் அதைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.

"நீ எதுக்குடா கட்டறே?"

"எதுக்கும்மா இந்த வயசுல ஆபீஸ் ஆபீசா ஏறிச் சண்டை?" மகன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "பணத்தைத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது. பத்திரம் என்கிட்ட பத்திரமா இருக்கும். நீயும் பேசாம வந்து எங்களோட இரு."

"மூணு மாசப் பென்ஷனைக் குடுத்துட்டு வருஷக்கணக்குல ஆள் பிடிக்கறே. நல்ல வியாபாரம்தான்."

"பாத்தீங்களா சார்" என்று மகன் புரோக்கரிடமே முறையிட்டான்.

அவள் நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்த ஒரு சீட்டை எடுத்து மகன் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தேதியில நான் எங்க இருந்தேன்?"

அவன் குனிந்து பார்த்தான். "எங்க வீட்டுல. அன்னைக்குத்தானே நீ கோவிச்சுக்கிட்டு..."

"காலையிலயா, சாயங்காலமா?"

"நாள் பூரா. சாயங்காலம்தான் கிளம்பினே."

"கேட்டுக்கிட்டியாப்பா?" புரோக்கர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு வீடு பூட்டிக் கிடந்துது. சாவி என் இடுப்புல. நீ யாரைக் கூட்டிட்டு வந்து எதைக் காட்டினே? கையெழுத்து யாரு போட்டா?"

"தேதி மாறிப் போட்டிருப்பாங்க. ஆபீஸ் பொண்ணு பண்ணின தப்பு."

டைப் அடித்த பெண்ணின் கை நின்றது. அவன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"சரி, தேதிதான் மாறிப்போச்சு. இந்த நாலோட அசலைக் காட்டு. பேனா மையில நான் போட்டதை."

"அதெல்லாம் வக்கீல்கிட்ட இருக்கு."

"அன்னைக்கு ஒன்பதையும் ஃபைல்லேருந்துதானே எடுத்துப் பரப்பினே, இப்ப நாலோடது மட்டும் வக்கீல்கிட்டயா? வக்கீல் பேரைச் சொல்லு, நானே போய்ப் பார்த்துக்கறேன்." நாலு நகலையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். "ஒரே கையெழுத்து, ஒரே கிறுக்கல். நீயே பாரு. போலீஸ்காரங்களுக்கு என்னை மாதிரி கண்ணாடிகூடத் தேவைப்படாது."

புரோக்கரின் குரல் ஏறியது. "வயசானவங்களாச்சேன்னு மரியாதை குடுத்தா, திருட்டுப் பட்டமா கட்டறீங்க?"

"திருட்டுன்னு நான் சொல்லலையே. நீயே சொல்லிக்கறே."

"ம்மா, மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் மகன்.

"பாக்கட்டும். நீயும் பாரு. இவன் கேட்டதும் ஒரு சீட்டைக்கூடப் புரட்டிப் பாக்காம, பணத்தை எடுத்துக்கிட்டு ஓடி வந்தியே. உங்கம்மா கையெழுத்து உனக்குத் தெரியாது?"

அவன் சீட்டைக் கையில் எடுத்தான். அவனுக்குத் தெரியாமல் என்ன, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு முழுக்க மணியோடு போட்ட கையெழுத்துதான். அதை வைத்து மற்ற பையன்கள் அவனைக் கேலி பண்ணியிருக்கிறார்கள்.

டூட்டியம்மா கவரை மேசைமேல் வைத்தாள். "நான் போட்டது அஞ்சு. அஞ்சுக்குப் பணம் இதுல இருக்கு. எண்ணிக்கோ. மீதி நாலைக் கிழிச்சுட்டு, கணக்கு முடிஞ்சுதுன்னு பில்லுலயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லேன்னா இங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். எனக்கு வேற வேலை ஒண்ணுமில்ல."

புரோக்கர் கவரைத் தன் பக்கம் இழுத்தான். பணத்தை எண்ணினான். எண்ணும்போதே ஏதோ முணுமுணுத்தான். கிழம் என்ற வார்த்தை காதில் விழுந்தது. எத்தனையோ பேர் வாயில் விழுந்து எழுந்தவள், கண்டுகொள்ளவில்லை. பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பத்திரக் கவரைப் பழக்கதோஷத்தில் மகன் பக்கமே நீட்டினான். பாதி வழியிலேயே அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, முத்திரை, எண், தன் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

படியில் மகன் பின்னாலேயே வந்தான். "அவங்கம்மாவை அடுத்த வாரம் கூட்டிட்டு வரணும். யாரு பாத்துக்குவா?"

"ஆஸ்பத்திரியில கேட்டா ஆள் அனுப்புவாங்க. பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர். எங்கிட்ட நம்பர் இருக்கு."

"அது எவ்வளவு ஆகும் தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாதா?"

"நாளைக்கு உனக்கும் முடியாம போகும்மா. அப்ப?"

"வீடு இருக்கு. அதை வித்து ஆள் வெச்சுக்குவேன். வேற புரோக்கரைப் பாத்து" என்றாள்.

அவன் கோபத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஏறிக்கோ, கொண்டுபோய் விடறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு உடைந்து கிடந்தது. கவரை மார்போடு அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். இந்த மாதம் முட்டிக்கு ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தாள். அந்தப் பணம்தான் புரோக்கர் மேசைக்குப் போயிற்று. பஸ் வந்து, இடம் பிடித்து உட்கார்ந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை, அந்த ஐந்து சீட்டுக்காக அவனையும் திட்டினாள், படிக்காமல் கையெழுத்துப் போட்ட தன்னையும் விட்டுவைக்கவில்லை.