தொட்டியில் ஊற்றிய பால்

விமலாவின் செடிகளைக் கொன்றவன் நான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவனும் நான்தான்.

செடிதானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்… முழுவதையும் கேட்ட பிறகும் சிரிக்க முடிந்தால்!

விமலா என் மனைவி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் எங்கள் வீடு. மண் என்று சொல்ல அங்கே ஒரு பிடி கிடையாது. இரண்டாவது முறையும் கரு கலைந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியவள், பல வாரங்கள் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஒருநாள் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "என்னங்க, மண்ணே இல்லாம தண்ணியில கீரை வளர்க்கலாமாம்" என்றாள். அதைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே போய் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன்.

பால்கனியில் மூடி போட்ட கறுப்புத் தொட்டி. மூடியில் துளைகள். துளைக்கு ஒரு சலாட் கீரையோ, பக் சோய் என்ற சீனக் கீரையோ நிற்கும். வேர்கள் உள்ளே, உரம் கலந்த தண்ணீரில் தொங்கும். மீன் தொட்டிக்குப் போடுவது போன்ற சின்ன மோட்டார் ஒன்று தண்ணீருக்குள் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்.

விமலா திருமணத்துக்கு முன்னால் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பரிசோதனை செய்தவள். அந்தப் பழைய கை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. குழாய்த் தண்ணீரைப் பிடித்தவுடன் ஊற்ற மாட்டாள். குளோரின் போகட்டும் என்று வாளியில் திறந்து வைப்பாள். பேனா மாதிரி ஒரு கருவியை விட்டு பிஎச் பார்ப்பாள், ஏறியிருந்தால் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்குவாள். மதிய வெயிலில் தண்ணீர் சூடேறுமே என்று, உறையவைத்த போத்தலை உள்ளே மிதக்கவிடுவாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறவளைப் போல இருக்கும், அப்போது பார்த்தால்.

எனக்கு ஒரே ஒரு கட்டளை. "தொட்டிக்குள்ள வேற எதுவும் போகக் கூடாதுலா. வேருக்கு நல்ல தண்ணியும் காத்தும் போதும்."

கீரை தளதளவென்று வந்தது. பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவுக்கு ஒரு கட்டு கொடுத்தோம். "உனக்கு நல்ல கைராசி விமலா! தொட்டதெல்லாம் துளிர்க்குதே!" என்றார். அன்று விமலா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து!

தைப்பூசம் வந்தது. பிள்ளைக்காக இனி எந்த வேண்டுதலும் வேண்டாம் என்று அவள் முன்பே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சுங்க. நாம ரெண்டு பேரே இருந்துக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். நானும் சரி என்றேன். சரி என்ற வாயாலேயே முருகனிடம் பால்குடம் வேண்டிக்கொண்டேன்… அவளுக்குத் தெரியாமல்! எங்கள் வீட்டில் வருடாவருடம் விரதம் உண்டு, அதனால் அவள் சந்தேகப்படவில்லை. தைப்பூசத்தை ஒட்டி இரண்டு நாள் அவள் செமினியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள்.

பத்துமலையில் படியேறிப் பாலைச் செலுத்தினேன். பிரசாதமாகத் திரும்பக் கிடைத்த கொஞ்சம் பாலை ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு ரயிலேறினேன். வீடு வந்து இரண்டு மடக்குக் குடித்தேன். மீதி இருந்தது. அவள் வந்து பார்த்தால் என் குட்டு உடைந்துவிடும். கழுவுதொட்டியில் கொட்டவும் மனம் வரவில்லை. சாமிக்கு ஆன பாலைக் கால்படாத இடத்தில், செடியின் வேரில் ஊற்ற வேண்டும். சிறுவயது முதல் எங்கள் வீட்டு வழக்கம் அதுதான்.

கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் நின்றது. அங்கே போயிருக்கலாமே! கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவள் உயிரை வைத்து வளர்க்கும் செடிகளின் வேரில் அந்தப் பால் இறங்கினால் என் வேண்டுதல் பலிக்கும் என்று ஆசைப்பட்டேன். மூடியைத் தூக்கினேன். வேர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. "இந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆட வேண்டும், முருகா" என்று ஊற்றினேன்.

மறுநாள் காலை தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை வேறு. அப்போதே தண்ணீரை மாற்றியிருந்தால் செடிகள் பிழைத்திருக்குமோ? பிரசாதம் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா என்று யோசித்தேன். யோசித்தபடியே மூடியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் விமலா வந்தாள். வந்ததும் வராததுமாகத் தொட்டியைத் திறந்தாள். வேர்கள் பழுப்பேறிக் கொழகொழவென்று அவள் கையோடு வந்தன. தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினாள். ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டு நாளில் இலைகள் அத்தனையும் துவண்டு சரிந்தன.

"தண்ணி கெட்டு, காத்தே இல்லாமப் போச்சுங்க. வேரெல்லாம் மூச்சு முட்டிச் செத்துருக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க எதாச்சும் ஊத்துனீங்களா?" என்று கேட்டாள்.

மருத்துவமனைக் கட்டிலில் பார்த்த அதே முகம்.

"நான் என்னத்த ஊத்தப் போறேன்? எனக்கு ஒன்னும் தெரியாதுலா."

அவள் உடனே நம்பினாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது… ஒரு கேள்வி கூட மேலே கேட்கவில்லை!

"அப்ப நான்தான். போறதுக்கு முன்ன உரம் கலந்தது நான்தானே" என்றாள். சற்று நேரம் வேர்களையே பார்த்துவிட்டு, "உள்ளயும் தங்கல, வெளியவும் தங்கல. என் கை அப்படிங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? பால் ஊற்றினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். நாம் இருவரே போதும் என்றவளிடம், எனக்குப் போதவில்லை என்று எப்படிச் சொல்வேன்? நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பழியை அவள் கையில் விட்டுவிட்டேன். நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

புது விதை வாங்கி வந்து கொடுத்தேன். வேண்டாம் என்றாள். பாத்திமா அக்கா ஒரு புதினாத் தண்டை நீட்டியபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

போன மாதம் கிள்ளானில் என் தங்கைக்கு வளைகாப்பு. அவள் ஆசையாக, "அண்ணி, நீங்கதான் மொதல்ல போடணும்" என்று கையை நீட்டினாள். விமலா பின்வாங்கினாள். முந்தானைக்குள் இரண்டு கைகளையும் மறைத்துக்கொண்டாள்.

"என் கை வேணாம்மா. நான் தொட்டா எதுவும் தங்காது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வளையல் தட்டு என் கையில் இருந்தது. உண்மை தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது! நான் சொன்னது என்ன தெரியுமா?

"விடும்மா… அவளை வற்புறுத்தாதே."

விமலா என்னை நன்றியோடு பார்த்தாள். நன்றியோடு!

தங்கை விடவில்லை. கிளம்பும்போது ஒரு டஜன் கண்ணாடி வளையலை அண்ணியின் பைக்குள் திணித்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் விமலா அந்தப் பையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எடுத்து அலமாரியில வைங்க. நான் வச்சா உடைஞ்சிடும்."

வாங்கினேன். பால் ஊற்றிய அதே கையால் எடுத்து வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை.