சனத்நகரில் ஒரு குங்குமச் சிமிழ்

இந்தத் தெலுங்கு ஊரில் எதைக் கேட்டாலும் ‘ஹவ்’ என்று தலையாட்டுகிறார்கள். ஆமாம் என்று பொருள். எங்கள் பாளையங்கோட்டையில் ஒருவர் ஆமாம் என்றால் அவருக்கும் சேர்த்து உலை வைக்கலாம். சனத்நகரில் அதே நம்பிக்கையோடு நான் ஒரு கூட்டம் கூட்டினேன். காலனிப் பெண்களில் ஒருவர்கூட வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் சும்மா கிடந்த கொட்டகையைப் பொதுக் காரியத்துக்குத் தர நிர்வாகம் சம்மதித்தது. ஆண்கள் சீட்டாட ஒரு கிளப்பா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமா என்று வீட்டுக்கு ஓர் ஓட்டுப் போட்டு நாங்களே முடிவு செய்ய வேண்டும். என் மகள் எஸ்தர் லாரிகள் பறக்கும் ரோட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய்வந்தாள். ஒருநாள் அவள் பை லாரிச் சக்கரத்தில் சிக்கியது; பை போயிற்று, பிள்ளை தப்பினாள். அன்றிலிருந்து அவள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். குழாயடியில் ஒவ்வொருத்தியிடமும் பேசினேன். ஊரில் திருச்சபைத் தேர்தலுக்கு அப்பா ஓட்டுச் சேகரித்ததைப் பார்த்து வளர்ந்தவள், எல்லாம் அத்துப்படி என்ற திமிர் வேறு.

கூட்டம் படுத்த அன்று பக்கத்து வீட்டு லட்சுமம்மா கேட்டாள்: “பொட்டு பெட்டி பிலவக்கபோத்தே எவரு வஸ்தாரம்மா?” நெற்றியில் குங்குமம் வைத்து அழைக்காவிட்டால் அது அழைப்பே இல்லையாம். எனக்காக நீங்களே வைத்துவிடுங்களேன் என்றேன். “பிலிச்சேதி மீரு கதா?” என்றாள். அழைப்பது நான் என்றால் வைப்பதும் நான்தான். சிறுவயதில் தோழி வைத்துவிட்ட சாந்துப் பொட்டோடு வீட்டுக்குப் போய், அம்மா சேலைத் தலைப்பால் தோல் சிவக்கத் துடைத்த நெற்றி என்னுடையது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஏளா, கோயில்ல யாராவது பாத்துச் சொல்லி, ஐயரு வந்து கேட்டா என்ன சொல்லுவ?” தேவாலயத்தைக் கோயில் என்றும், சபை குருவானவரை ஐயர் என்றும் நாங்கள் சொல்வோம்.

“எஸ்தர் ரோட்டத் தாண்டுதத அவர ஒருநாள் வந்து பாக்கச் சொல்லுங்க.”

ஓட்டுக்கு முந்தின நாள் லட்சுமம்மாவின் சிமிழை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். முதல் வீட்டில் விரல் தவறிப் பொட்டு புருவத்தில் இறங்கியது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தானே துடைத்துக்கொண்டு மறுபடி நெற்றியைக் காட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. கோயில் முடிந்து ஓடிவந்தால் கொட்டகை வாசலில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள், அடுப்பை அணைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, வரிசையாக. வீட்டு ஓட்டைப் போட வந்து நின்ற ஒரு கணவர், “நுவ்வெந்துக்கு ஒச்சாவு?” என்று, நீ எதற்கு வந்தாய் என மனைவியை அதட்டினார். “பொட்டு பெட்டி பிலிச்சாரு” என்று சொல்லி, அவர் கையிலிருந்த ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். பள்ளிக்கூடம் ஜெயித்தது. நான் ஓரமாக நின்று அழுதேன்.

திறப்பு நாளுக்கு அழைக்க லட்சுமம்மா வந்தாள். குங்குமம் தொட்ட விரல் என் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. நான் விலகவில்லை, குனியவுமில்லை. அவள் கையைத் திருப்பி எங்கள் நிலைக்கதவில், சிலுவைக்குக் கீழே, அந்தப் பொட்டை வைத்துவிட்டு அவசியம் வரச் சொல்லிப் போனாள். நிம்மதியாக இருந்தது; எதையோ இழந்தது போலவும் இருந்தது. கதவைத் தினமும் துடைக்கிறேன். அந்த இடத்துக்கு மட்டும் துணி போவதில்லை.