வெடி அக்காவின் காலரில் ஒரு மைக்

முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேட்டி எடுத்து வா என்று கல்லூரியில் கேமராவைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். மனிதர்களின் வாழ்க்கையைப் படமெடுத்து ஆராயும் காட்சி மானிடவியல் படிக்க வந்தால் இதுதான் கதி. எனக்கு வாய்த்தது, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு பெரிய சலவைக்கூடம். முதல் ஆள் வெடி அக்கா.

ஈர விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் ஒரு உதறு உதறினால் வெடி போட்ட மாதிரி இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். உதறும்போது யாரை நினைத்துக்கொள்வார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தாளில் எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைத் திக்கித் திணறி வாசித்தேன். "இந்த வேலை உங்களுக்கு என்ன அர்த்தத்தைத் தருது?"

"அழுக்கா வரும், வெள்ளையா போகும். இதுல என்னம்மா அர்த்தம்?" என்றார். "கேக்குறதுன்னா உருப்படியா கேளு. மூட்டை பிரிக்கிற மேசையில உக்காந்திருந்தவ இங்க எப்படி வந்தேன்னு கேளு."

தாளை மடித்து வைத்துவிட்டு அதையே கேட்டேன்.

விருந்தாளிகள் மறந்துவிட்ட பொருள்கள் விரிப்போடு சுருண்டு வரும் என்பதால், மூட்டை பிரிக்க நம்பிக்கையான ஆளைத்தான் போடுவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவரின் மோதிரம் காணோம். மேனேஜர் முப்பது பேர் பார்க்க அக்காவின் பையைத் தரையில் கவிழ்த்திருக்கிறார். விழுந்தது சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு மாத்திரை அட்டை. அப்படியும் "திருடி" என்றிருக்கிறார். மேசையிலிருந்து எழுப்பி ஈர விரிப்பு உதறும் வேலையில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் வாசலில் அக்காவின் பையை மட்டும் சோதிப்பார்கள். கட்டின புருஷனே ஒருநாள், "எடுத்திருந்தா எங்கிட்டயாவது சொல்லு" என்றாராம்.

"விட்டுட்டுப் போயிருக்கலாமே அக்கா?"

"போனா, எடுத்தவ ஓடிட்டான்னு ஆயிடும். நான் எடுக்கலன்னு அந்த ஆள் வாயால வரணும். எல்லார் காதுலயும் விழணும். அப்புறம் போறேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. கேமராவை அணைத்தேன். ஆனால் அக்காவின் சீருடைக் காலரில் குத்தியிருந்த, தனியாகவே பதிவு செய்யும் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன், அதன் பதிவையும் நிறுத்தவில்லை. புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்புதான். வாத்தியார் மூன்று முறை எச்சரித்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் ஹெட்ஃபோனை மாட்டினால், கதவு திறக்கும் சத்தம். அக்கா கேட்கிறார், "அந்த மோதிரம் என்ன ஆச்சு சார்?"

மேனேஜர் குரல் சலித்துக்கொள்கிறது. "அது அடுத்த வாரமே மெஷின் ஃபில்டர்ல கிடைச்சிருச்சு. வெளிய சொன்னா எனக்கில்ல அசிங்கம்? பழசைக் கிளறாம போய் வேலையைப் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவிடம் ஓடினேன். ஹெட்ஃபோனை இறுக்கிப் பிடித்து முழுவதும் கேட்டார்.

"மைக்குல பச்சை லைட்டு எரிஞ்சுதும்மா. நீ மறந்துட்டேன்னு தெரிஞ்சுதான் அவர் ரூமுக்குள்ள போனேன்."

எடுத்த படத்தை முதலில் அதில் இருப்பவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும், அது எங்கள் படிப்பின் முறை. ஆனால் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாதவரின் குரலைச் சேர்க்கக் கூடாது. "மேனேஜர் போடல அக்கா. சேர்த்தா என்னை ஃபெயில் ஆக்கிடுவாங்க."

"என்னைத் திருடின்னு சொல்ல அவர் எங்கிட்ட எந்தத் தாள்ல கையெழுத்து வாங்கினார்?"

சேர்த்தேன். ஃபெயிலும் ஆனேன், அது கிடக்கட்டும்.

படம் போடுகிற அன்று காலையிலேயே அவர் குரலும் படத்தில் வருகிறது என்று அக்கா மேனேஜரிடம் சொல்லிவிட்டார், மத்தியானம் வரை வெந்து சாகட்டும் என்று. சாப்பாட்டுக் கூடத்தில் நான் திரை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"தப்புதாம்மா. மன்னிச்சிரு. உன் மேசையைத் திருப்பித் தர்றேன். இதோட விட்டுடு."

அக்காவின் மனசு இளகிவிடுமோ என்று எனக்குப் பயம். நானும் அந்த ஆளைப் பழிவாங்கத்தானே வந்திருந்தேன்!

"மன்னிப்பு கேக்க மட்டும் தனியா வர்றீங்க," என்றார் அக்கா. "திருடின்னு தனியாவா சொன்னீங்க?"

கதவு திறந்து ஆட்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். மேனேஜர் நழுவப் பார்த்தார். அக்கா முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். சத்தத்தை நல்லா கூட்டி வைம்மா."

கூட்டி வைத்தேன்.