ஸ்டார்ட் பட்டன் இல்லாதவர்கள்

யார் பொய் சொல்கிறார்கள் என்று மெர்சிக்கு போனிலேயே தெரிந்துவிடும். 2003இல் ஒக்கலிபுரத்தில், ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் அவள் எனக்குப் பக்கத்து சீட். வீட்டில் நெட் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் திட்டு வாங்குவதுதான் எங்கள் உத்தியோகம்.

என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எந்த விண்டோஸ் என்பது முதல் கேள்வி. விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்று யாராவது சொல்லிவிட்டால், "ஸாரி சார், அதுக்கு சப்போர்ட் இல்ல" என்று வைத்துவிட வேண்டும். அதனால் ஊரிலிருந்த லினக்ஸ்காரர்கள் எல்லோரும் பொய் சொல்லப் பழகிவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி என்பார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள் என்றால், இல்லாத பட்டனை அழுத்திவிட்டதாகச் சொல்வார்கள். நாங்களும் அடுத்த வரியைப் படிப்போம். இப்படி ஒரு நாடகம் தினமும் நடந்தது.

"நெஜமா விண்டோஸ் வெச்சிருக்கறவங்க மவுஸ தேடுவாங்க, மூச்சு வாங்குவாங்க, எந்த மூலைனு கேப்பாங்க. லினக்ஸ்காரங்க மட்டும் டக்குனு ஓகேன்னுடுவாங்கப்பா" என்பாள் மெர்சி.

அவள் கோலார் தங்கவயல்காரி. விடிகாலை ரயிலைப் பிடித்து வருவாள். சுரங்கத்தை மூடியதும் அப்பா வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நோயல் எங்கிருந்தோ தூக்கிவந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் நொண்டியடித்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து மெர்சி லினக்ஸைப் போட்டாள். வீட்டில் நெட் கிடையாது. ஆனாலும் நெட் செட்டிங்கையெல்லாம் நோட்டில் எழுதி உருப்போட்டு வைத்திருந்தாள். கொஞ்சம் திமிர் பிடித்தவள். எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும்.

அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் வீடே அதை நம்பித்தான் இருந்தது. ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம் என்பது கணக்கு. அதைத் தாண்டியதற்கு ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் பாலகுமார் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை வைட்ஃபீல்ட் பக்கம் முழுக்க நெட் நின்றுபோனது. நெட்டுக்காக நாங்கள் கொடுத்திருந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள் என்றது தாள். நானும் கிளிப்பிள்ளை மாதிரி நாற்பது பேருக்குச் சொன்னேன். சுப்புலக்ஷ்மி என்ற அம்மா மூன்று தடவை அழித்துப் போட்டுவிட்டு அழுதேவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றரைக்கு மெர்சிக்கு ஒரு அழைப்பு. திரையில் ஆதிகேசவன் என்ற பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"ஸ்டார்ட்ட கிளிக் பண்ணுங்க சார்."

"ஓகே."

மெர்சி தாளைக் கவிழ்த்து வைத்தாள். "சார், உங்களுது லினக்ஸ்தானே?"

"கட் பண்ணிடாதம்மா, ப்ளீஸ்" என்றார் மனிதர்.

"பண்ண மாட்டேன். நான் சொல்ற நம்பருக்கு பிங் அடிங்க."

பிங் என்பது லைன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. பதில் வந்தது. அப்படியானால் லைனில் குறையில்லை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை, எண்ணைக் கொடுத்தால் திறந்தது. பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் எங்கள் சர்வர்தான் படுத்திருந்தது. விண்டோஸிலும் இதைப் பார்த்திருக்கலாம்தான். எங்கள் தாளில் அந்தக் கேள்வியே இல்லை.

பாலகுமார் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பது நிமிடம். மெர்சி ஒரு விரலைத் தூக்கி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, தன் நோட்டிலிருந்த எங்கள் பழைய சர்வர் ஒன்றின் எண்ணை ஆதிகேசவனுக்கு வாசித்தாள். "வந்துடுச்சும்மா!" என்ற கூச்சல் எனக்கே கேட்டது. பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

"சார், கஸ்டமர் மேல தப்பில்ல. நம்ம சர்வர் போயிடுச்சு" என்றாள் பாலகுமாரிடம்.

"நெட்வொர்க் ரூம்ல எல்லாம் சரியா இருக்குன்றாங்களே?"

"நம்ம ஆபீஸ் வேற சர்வர்ல ஓடுது. கஸ்டமருக்குக் குடுக்கற சர்வர் நம்பர உங்க மெஷின்ல போட்டுப் பாருங்க சார்."

போட்டார். நெட் நின்றது. போனை எடுத்து நெட்வொர்க் அறையைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் காத்திருந்த அழைப்புகள் மளமளவென்று குறைந்தன.

ஆனாலும் மாலையில் மெமோவோடு வந்தார். "ரூல் ரூல்தான் மெர்சி. விளக்கம் எழுதிக் கொடு. மேனேஜர்ட்ட போகுது."

மூன்றாவது மெமோ. நான்தான் பதறினேன். அவள் பேனாவைத் திறந்து ஒரே வரி எழுதினாள்: 'நாம் விரட்டிக்கொண்டிருக்கும் ஒரு கஸ்டமர் பத்தொன்பது நிமிடத்தில் நம் பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.'

"ஏய், இன்னும் கொஞ்சம் பணிவா எழுதக் கூடாதா?" என்றேன்.

"தப்பா ஒண்ணும் எழுதலயேப்பா" என்று பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரே வரி மேனேஜரிடம் எடுபட்டுவிட்டது. திங்கட்கிழமை அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. எங்களுக்குப் புதுத் தாள் வந்தது. லினக்ஸ் என்றால் பதினாலாம் சீட்டுக்கு மாற்றவும் என்றிருந்தது. அது மெர்சியின் சீட்.

அன்று என் முதல் அழைப்பாளர் எக்ஸ்பி என்றார். ஸ்டார்ட்டை அழுத்தச் சொன்னேன். டக்கென்று ஓகே என்றார்.

"சார், பயப்படாம லினக்ஸ்னு சொல்லுங்க. அதுக்கு ஆள் இருக்காங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.